பணம் போச்சா, போகலையா? மொபைல் பரிவர்த்தனைக்கு விதி எழுதிய ஜிம் கிரே... கடலில் காணாமல் போன கணினி மேதையின் கதை!

கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறீர்கள். தொகையைப் போட்டு பின் நம்பரையும் அடித்தாச்சு. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதற்குள் சிக்னல் போய்விட்டது. பணம் போச்சா, போகலையா? கடைக்காரருக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை.

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வந்திருக்கும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரத்திலோ, ஓரிரு நாளிலோ கணக்கு நேராகிவிடுகிறது. ஒன்று, பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கும். இல்லையென்றால் முழுசாகத் திரும்பி வந்திருக்கும். பாதிப் பணம் போய், பாதி நடுவழியில் நின்றது என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை. இதற்கான விதிகளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே. சிக்னல் இல்லாத நேரத்தில் கையில் இருக்கும் கருவியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும், ஸ்மார்ட்போன் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 2007-ல் தனியாகப் படகில் கடலுக்குள் போனவர் திரும்பி வரவே இல்லை. அவர் யார், என்ன செய்தார், அவருக்கு என்ன ஆனது? பார்ப்போம்.

யார் இந்த ஜிம் கிரே?

முழுப் பெயர் ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே. 1944 ஜனவரி 12-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர், அம்மா ஆசிரியை. குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகள் இத்தாலியின் ரோம் நகரில் கழிந்தன. அதனால் ஆங்கிலத்துக்கு முன்பே இத்தாலிய மொழி பேசப் பழகிவிட்டார். பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவுடன் மீண்டும் சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார்.

1961-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காக வேலையும் பார்த்துக்கொண்டே படித்தார். 1966-ல் பட்டம். 1969-ல் முனைவர் பட்டம். பெர்க்லியின் கணினி அறிவியல் துறை கொடுத்த முதல் முனைவர் பட்டம் இவருடையதுதான்.

அதன் பிறகு 1970-களில் ஐபிஎம், 1980-ல் இருந்து டேன்டம், 1990-ல் இருந்து டெக், 1995-ல் இருந்து மைக்ரோசாஃப்ட் என்று நான்கு பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்தார். நிறுவனம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. நடுவில் எது பழுதானாலும், பதிவு செய்த கணக்கு தப்பாகக் கூடாது. அதற்கு என்ன வழி?

பரிவர்த்தனை என்றால் என்ன?

ஒரு கணக்கில் இருந்து 500 ரூபாயை இன்னொரு கணக்குக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். கணினிக்கு இது இரண்டு வேலை. முதல் கணக்கில் 500-ஐக் கழிக்க வேண்டும், இரண்டாவது கணக்கில் 500-ஐக் கூட்ட வேண்டும். கழித்த நொடியில் கரண்ட் போய்விட்டால்? 500 ரூபாய் மாயமாகிவிடும்.

இதற்கான விடைதான் டிரான்சாக்‌ஷன், அதாவது பரிவர்த்தனை. இரண்டு வேலையையும் ஒரே கட்டாகக் கட்டிவிட வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்கணும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்கக் கூடாது. நடந்து முடிந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு கணினியே செயலிழந்து மீண்டாலும் அது அழியக் கூடாது.

கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே டேட்டாபேஸைத் தொடும்போது இதை நடத்திக் காட்டுவது அன்றைக்குப் பெரிய சவால்.

பூட்டும் பதிவேடும்

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் 1970-களில் சிஸ்டம் ஆர் என்ற திட்டம் நடந்தது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழி பிறந்தது அங்கேதான். அந்தக் குழுவில் கிரே எடுத்துக்கொண்டது இரண்டு பிரச்சனைகளை.

முதலாவது, பூட்டு. ஒருவர் ஒரு கணக்கை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதில் கை வைக்கக் கூடாது. அதற்காக டேட்டாபேஸ் முழுவதையும் பூட்டினால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரியாகப் பூட்டினாலோ பூட்டுகளைச் சமாளிப்பதே பெரிய வேலையாகிவிடும். தேவைக்கு ஏற்ப பெரிய பூட்டு, சின்னப் பூட்டு என்று கலந்து போடும் முறையைக் கிரேவும் சக ஆய்வாளர்களும் வகுத்தார்கள். ஒரு பரிவர்த்தனை பூட்டுகளை எந்த ஒழுங்கில் எடுத்து, எப்போது விட்டால் கணக்கு குழம்பாது என்பதையும் 1976-ல் வந்த கட்டுரையில் நிறுவினார்கள்.

இரண்டாவது, பதிவேடு. கணக்கில் கை வைக்கும் முன்பே, என்ன மாற்றப் போகிறோம் என்பதைத் தனியாக ஒரு பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். நடுவில் கணினி நின்றுபோனால், திரும்ப எழுந்ததும் முதல் வேலையாகப் பதிவேட்டைப் படிக்கும். முடிந்த பரிவர்த்தனைகளை மறுபடி செய்து நிலைநிறுத்தும், முடியாமல் பாதியில் நின்றவற்றை அழித்துவிடும். அவ்ளோதான். இன்றைக்கும் வங்கி டேட்டாபேஸ்களின் அடிப்படை இதுதான்.

கல்யாணத்தில் இருந்து ஓர் உதாரணம்

சரி, கணக்கு ஒரே கணினியில் இருந்தால் இது போதும். பணம் அனுப்பும் வங்கி ஒரு ஊரில், பெறும் வங்கி வேறு ஊரில் இருந்தால்?

இதற்கான வழி இரண்டு கட்ட உறுதி எனப்படும் டூ ஃபேஸ் கமிட். நடுவில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் முதலில் எல்லாத் தரப்பிடமும் தயாரா என்று கேட்பார். எல்லோரும் தயார் என்று சொன்னால்தான் முடித்துவிடுங்கள் என்ற உத்தரவு போகும். ஒருவர் மறுத்தாலும் எல்லாமே ரத்து.

1981-ல் எழுதிய கட்டுரையில் இதை விளக்க, கிரே கிறிஸ்தவத் திருமணத்தை உதாரணமாகக் காட்டினார். பாதிரியார் மணமகளிடமும் மணமகனிடமும் சம்மதமா என்று தனித்தனியாகக் கேட்கிறார். இருவரும் சரி என்ற பிறகே கணவன் மனைவி என்று அறிவிக்கிறார். ஒருவர் மட்டும் சரி சொன்னால் பாதிக் கல்யாணம் நடந்ததாக அர்த்தம் இல்லையே! கணினிக்கும் அதே விதிதான்.

கம்ப்யூட்டர் ஏன் நிற்கிறது?

1980-ல் கிரே டேன்டம் நிறுவனத்துக்குப் போனார். நிற்காமல் ஓடும் கணினிகளைத் தயாரித்த நிறுவனம் அது. வங்கிகளின் ஏடிஎம் வலைகளும் பங்குச் சந்தைகளும் அதன் வாடிக்கையாளர்கள்.

அங்கே இருந்தபோது 1985-ல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். இந்தக் கணினிகள் எதனால் நிற்கின்றன என்று வாடிக்கையாளர்களிடம் இருந்து வந்த புகார்களை வைத்துக் கணக்கெடுத்தார். இயந்திரப் பழுதுதான் முதல் காரணமாக இருக்கும் என்று பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 42 சதவீதப் பழுதுகள் மனிதர்கள் கணினியை இயக்கி, பராமரித்த விதத்தால் வந்தவை. மென்பொருள் கோளாறு 25 சதவீதம். வன்பொருள் வெறும் 18 சதவீதம். இரும்பும் சில்லும் பலமாகிவிட்டன, இனி கவனிக்க வேண்டியது மனிதர்களின் கைத்தவறையும் நிரல்களில் ஒளிந்திருக்கும் பிழைகளையும்தான் என்று அந்த அறிக்கை காட்டியது.

அதே ஆண்டு வேறொரு வேலையும் நடந்தது. எந்தக் கணினி ஒரு நொடியில் எத்தனை பரிவர்த்தனைகளை முடிக்கும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தது. வங்கியில் பணம் போடுவது, எடுப்பது என்ற எளிய வேலையை வைத்து எல்லோருக்கும் ஒரே அளவுகோலைக் கிரே முன்வைத்தார். பெயர் போடாமல், பலர் சேர்ந்து எழுதியதாக ஒரு பத்திரிகையில் அது வெளியானது. 1988-ல் அமைந்த டிபிசி என்ற அளவீட்டு அமைப்புக்கு அதுதான் வித்து.

சிக்னல் இல்லாவிட்டால்?

இப்போது நம் கதைக்கு வருவோம். 1990-களின் நடுப்பகுதி. பையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர்கள் வந்துவிட்டார்கள். பகலில் வாடிக்கையாளரிடம் ஆர்டர் எடுப்பார்கள், தொலைபேசி லைன் கிடைக்கும்போது அலுவலகக் கணினியுடன் இணைப்பார்கள். மீதி நேரமெல்லாம் தொடர்பு இல்லை.

அப்போ அந்த லேப்டாப்பில் இருக்கும் கணக்கு நிஜமா? 1996-ல் பேட் ஹெலண்ட், பேட்ரிக் ஓ நீல், டென்னிஸ் ஷாஷா ஆகியோருடன் சேர்ந்து கிரே எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே தரவுக்குப் பல இடங்களில் நகல் வைப்பதன் ஆபத்துகளும் அதற்கான தீர்வும் என்பதுதான் கட்டுரையின் பொருள்.

அதில் வரும் உதாரணம் இன்றைக்கும் பொருந்தும். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே வங்கிக் கணக்கு. இருப்பு 1,000 டாலர். கணவன் கையில் ஒரு செக் புத்தகக் கணக்கு, மனைவி கையில் ஒன்று, வங்கிப் பேரேட்டில் ஒன்று. ஆக, ஒரே கணக்குக்கு மூன்று நகல்கள்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, ஒருவர் செலவு செய்யும்போதே மூன்று நகல்களையும் உடனுக்குடன் மாற்றுவது. தப்பே வராது. ஆனால் மூவரும் எப்போதும் தொடர்பில் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் மற்றவர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, அவரவர் நகலில் செலவை எழுதிவிட்டு, பிறகு ஒருவருக்கொருவர் தெரிவிப்பது. இதில் வேகம் உண்டு. ஆனால் கணவன் 1,000 டாலருக்கு ஒரு பொருள் வாங்கி, அதே நேரத்தில் மனைவியும் 1,000 டாலருக்கு வாங்கினால்? இருவர் புத்தகத்திலும் கணக்கு சரியாகவே இருக்கும். வங்கியில்தான் பணம் இருக்காது.

சின்ன அளவில் சோதித்துப் பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஆபத்து எண்ணிக்கை கூடும்போதுதான் வரும். எல்லா நகல்களையும் உடனுக்குடன் மாற்றும் முறையில், கணினிகளின் எண்ணிக்கை 10 மடங்கு ஆனால், ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு நிற்கும் முட்டுக்கட்டைகள் 1,000 மடங்கு ஆகிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். குறுகலான சந்தில் எதிரெதிரே வந்து இரண்டு வண்டிகள் நிற்குமே, அந்த நிலைதான். பிறகு தெரிவிக்கும் முறையிலும் நிலைமை மேல் இல்லை. முரண்பாடுகளைச் சரிசெய்யும் வேலை அதே வேகத்தில் பெருகி, கடைசியில் எந்த நகல் உண்மை என்றே தெரியாமல் போய்விடும்.

போனில் காட்டுவது தற்காலிகக் கணக்கு

தீர்வு என்ன? எல்லா நகல்களையும் சமமாக நடத்தாதீர்கள் என்பதே அந்தக் கட்டுரையின் பதில்.

எப்போதும் இணைப்பில் இருக்கும் மையக் கணினிகளில்தான் உண்மையான கணக்கு இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு போகும் கருவியில் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று, கடைசியாக மையத்தில் இருந்து வந்த கணக்கு. இன்னொன்று, சிக்னல் இல்லாத நேரத்தில் நாம் செய்த மாற்றங்களுடன் கூடிய தற்காலிகக் கணக்கு.

சிக்னல் கிடைத்ததும் என்ன நடக்கும்? கருவியில் இருக்கும் தொகையை அப்படியே தூக்கி மையக் கணக்கின் மேல் எழுதக் கூடாது. நாம் செய்த வேலையை மையக் கணினி முதலில் இருந்து மறுபடி செய்து பார்க்க வேண்டும். அதனால்தான் இருப்பை 900 ஆக மாற்று என்று எழுதி வைப்பதைவிட, 100-ஐக் கழி என்று எழுதி வைப்பது நல்லது. முன்னதில் ஒருவர் எழுதியதை அடுத்தவர் அழித்துவிடுவார். பின்னதில் யார் முதலில் வந்தாலும் கடைசிக் கணக்கு ஒன்றுதான்.

கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது போல. நிபந்தனை ஒத்துவந்தால் பரிவர்த்தனை உறுதி. இல்லையென்றால் நிராகரித்து, காரணத்தையும் கருவி வைத்திருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவான பேயூ என்ற அமைப்பும் அதே காலத்தில் தற்காலிக மாற்றம், உறுதியான மாற்றம் என்று இரண்டாகப் பிரித்துத்தான் வேலை செய்தது. சிக்னல் இல்லாத நேரத்தில் போனில் நீங்கள் திருத்திய குறிப்போ, காலண்டரோ, அனுப்பாமல் காத்திருக்கும் மெசேஜோ இன்று நடந்துகொள்ளும் விதம் இந்த யோசனைகளின் உறவுதான்.

1998-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிரேவுக்குக் கிடைத்தது. கணினித் துறையின் நோபல் என்று அழைக்கப்படும் விருது அது.

வரைபடமும் வானமும்

மைக்ரோசாஃப்ட்டில் இருந்தபோது கிரே பெரிய தரவுகள் பக்கம் திரும்பினார். 1998-ல் டெராசர்வர் என்ற இணையதளம் வந்தது. வானத்தில் இருந்து எடுத்த நிலப்படங்களை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கூகுள் எர்த் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த விஷயம் இது.

அடுத்து, வானியலாளர் அலெக்சாண்டர் சலாயுடன் சேர்ந்து ஸ்கைசர்வர். ஸ்லோன் என்ற பெரிய வான்வெளி ஆய்வின் தரவுகளைப் பள்ளி மாணவர்கள்கூட வீட்டில் இருந்து பார்க்க வழி பிறந்தது.

கடைசிப் பயணம்

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. இறந்துபோன தன் அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும் என்று கிரே கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ள ஃபாரலான் தீவுகள்தான் இலக்கு. 40 அடி நீளமுள்ள அவருடைய பாய்மரப் படகின் பெயர் டெனேஷியஸ். படகில் அவர் மட்டும்தான். வானிலையும் நன்றாகவே இருந்தது.

காலையில் மனைவிக்குப் போன் செய்து, இனி செல்போன் சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போய்விடுவேன் என்று சொன்னார். இரவாகியும் அவர் வரவில்லை. கடலோரக் காவல் படை தேடலைத் தொடங்கியது. சுமார் 1.32 லட்சம் சதுர மைல் கடல் பரப்பில் நான்கு நாள் தேடியும் ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஆபத்து என்று படகில் இருந்து எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை.

அதோடு நண்பர்கள் விட்டுவிடவில்லை. செயற்கைக்கோள்களையும் நாசாவின் உயரப் பறக்கும் விமானத்தையும் வைத்து அந்தக் கடலைப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். படங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் ஏற்றப்பட்டன. முகம் தெரியாத ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொரு படமாகப் பார்த்து, படகு மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று குறித்துக் கொடுத்தார்கள். வானத்தில் இருந்து எடுத்த படங்களைப் பொதுமக்கள் கணினியில் பார்க்கும்படி செய்த மனிதரை, அதே மாதிரி படங்களில் மக்கள் தேடினார்கள்.

பிப்ரவரி 16-ல் அந்தத் தேடலும் நிறுத்தப்பட்டது. பிறகு கடலுக்கு அடியிலும் தேடிப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. காணாமல் போனபோது கிரேவுக்கு வயது 63.

உடல் இல்லை, படகு இல்லை. அதனால் குடும்பத்தால் அஞ்சலிக் கூட்டம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. 2008 மே 31-ல் பெர்க்லியில் நண்பர்களும் சக விஞ்ஞானிகளும் கூடி, அவரைக் கௌரவிக்கும் நிகழ்ச்சியாகவே அதை நடத்தினார்கள். ஐந்து ஆண்டுகள் கழிந்து, 2012-ல்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

இன்று என்ன மிச்சம்?

அவர் காணாமல் போவதற்கு 19 நாட்களுக்கு முன்புதான் ஆப்பிள் நிறுவனம் முதல் ஐபோனை அறிமுகம் செய்திருந்தது. அது விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்குள்ளும் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் இருக்கிறது. பேட்டரி தீர்ந்து போன் சட்டென்று அணைந்தாலும் உங்கள் மெசேஜும் தொடர்பு எண்களும் பாதியில் சிதையாமல் இருக்கின்றன என்றால், முதலில் பதிவேட்டில் எழுது, பிறகு மாற்று என்ற பழைய விதிதான் காரணம்.

டேட்டாபேஸ் துறையில் சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆண்டுதோறும் தரப்படும் விருது இன்று ஜிம் கிரே பெயரில் இருக்கிறது.

அடுத்த முறை திரையில் வட்டம் சுற்றும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் போனில் தெரிவது கடைசியாகக் கிடைத்த தகவல், அவ்வளவுதான். உண்மையான கணக்கு வங்கியின் மையக் கணினியில் இருக்கிறது. அதனால் பதற்றத்தில் மறுபடி மறுபடி பின் நம்பரை அடிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அது புதிய பரிவர்த்தனையாகப் போய்விடலாம். கொஞ்சம் பொறுங்கள். சிக்னல் வந்ததும் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, முடிந்ததா, ரத்தானதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.